எடைக்குப் போக இருந்த முகங்கள்! 'குட்டி ஜப்பானில்' உழைத்த ஜப்பான் காமிராவின் கதை

விருதுநகர்:-

மெயின் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் தெருவில் ஓடுவதாக நமக்குப் புகார் வந்தது. அதைப் பார்த்து எழுதத்தான் போனேன். சாக்கடை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை நாளை எழுதுகிறேன். இன்று வேறு விஷயம்.

அந்தச் சந்தில் ஒரு பழைய போட்டோ ஸ்டூடியோ. வாசலில் பழைய பேப்பர், இரும்பு வாங்கும் வியாபாரி தராசை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் 4 சாக்கு மூட்டைகள். ஒரு மூட்டையின் வாய் அவிழ்ந்து, உள்ளே இருந்து கறுப்பாக எதுவோ நழுவித் தெருவில் விழுந்தது.

எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒரு கல்யாண ஜோடி! முகம் கறுப்பு, தலைமுடி வெள்ளை. நெகட்டிவ்!

"என்ன அண்ணாச்சி, இதெல்லாம் எடைக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா தம்பி. கடையை மூடுறேன். பையன் கோயம்புத்தூர்ல இருக்கான். அங்க போறேன். இம்புட்டையும் தலையில தூக்கிட்டா போக முடியும்? போன வாரமே 2 மூட்டை போயிருச்சு" என்றார் ஸ்டூடியோக்காரர்.

70 வயதைத் தாண்டியவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பஜாரில் எல்லோருக்கும் அவர் 'போட்டோ அண்ணாச்சி'.

நெகட்டிவை வாங்கி வியாபாரி என்ன செய்வார்? அதில் வெள்ளி இருக்கிறது! கறுப்பு-வெள்ளை பிலிமில் கறுப்பாகத் தெரிவது அத்தனையும் பொடி வெள்ளிதான். கரைத்து எடுத்து விடுவார்கள். கலர் பிலிமைக் கழுவும்போதே வெள்ளி போய்விடுவதால், கலர் நெகட்டிவை வியாபாரி சீண்டவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் முகத்துக்குத்தான் இப்போது விலை. அதுவும் கிலோ கணக்கில்!

முக்கால் கிலோ

மேஜையில் ஒரு காமிரா இருந்தது. வியாபாரி அதன் தோல் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதையும் தராசில் வைத்தார். முக்கால் கிலோ காட்டியது.

அண்ணாச்சி எழுந்து வந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"இது எடைக்கு இல்லப்பா."

வெள்ளி நிற உடம்பு, கறுப்புத் தோல், முன்னால் பெரிய கண்ணாடி. மேலே 'யாஷிகா எலக்ட்ரோ 35' என்று எழுதியிருந்தது. இதில் ஜி.எஸ்.என். ரகம். ஜப்பானில் 1973-ல் விற்பனைக்கு வந்தது.

"கண்ணை வச்சுப் பாரு தம்பி" என்று கையில் கொடுத்தார்.

பார்த்தேன். நடுவில் மஞ்சளாக ஒரு சின்னக் கட்டம். அதற்குள் வியாபாரி இரண்டாகத் தெரிந்தார்! ஒருவர் மேல் ஒருவர் நிழல் மாதிரி.

"முன்னால இருக்கிற வளையத்தைத் திருப்பு. ரெண்டு ஆளும் ஒண்ணாகுற வரைக்கும் திருப்பு. ஒண்ணானா போட்டோ தெளிவு. அம்புட்டுதான்."

இதற்குப் பெயர் 'ரேஞ்ச்பைண்டர்'. தூரம் பார்க்கும் கருவி. காமிராவின் முன்பக்கம் தள்ளித் தள்ளி 2 ஜன்னல்கள் இருக்கின்றன. நமக்கு இரண்டு கண் இருப்பது போல! இரண்டும் பார்ப்பதை ஒன்றாக்கினால் தூரம் தெரிந்து விடும்.

பீரங்கியில் இருந்து வந்தது

இந்தத் தூரம் பார்க்கும் வித்தை முதலில் பீரங்கிக்காரர்களிடம் இருந்தது. எதிரிக் கப்பல் எவ்வளவு தொலைவில் வருகிறது என்று தெரிந்தால்தானே குண்டு போட முடியும்? ஜப்பானின் ராட்சதப் போர்க்கப்பல் 'யமாட்டோ'வுக்கு 15 மீட்டர் நீளத்தில் ரேஞ்ச்பைண்டர் செய்து கொடுத்தது 'நிப்பான் கோகாகு' என்ற கம்பெனி. 1917-ல் தொடங்கியது. இன்றைக்கு 'நிக்கான்' என்கிறோமே, அதே கம்பெனிதான்.

காமிராவில் அந்த வித்தையில் பேர் வாங்கியவர்கள் ஜெர்மனிக்காரர்கள். 'லைக்கா' காமிராவை 1925-ல் கொண்டு வந்தார்கள். விலை யானை விலை!

ஜப்பானில் கோரோ யோஷிடா என்று ஒருவர். ஒரு லைக்காவை வாங்கிப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். உள்ளே பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர்! வைரம் ஒன்றும் இல்லை. இதற்கா இவ்வளவு விலை என்று அவருக்கு ஆத்திரம். 1934-ல் தாங்களே ஒன்று செய்து பார்த்தார்கள். புத்த மதத்தில் கருணைத் தெய்வமான 'குவானோன்' பெயரை அதற்கு வைத்தார்கள். பிறகு அதுவே 'கேனன்' ஆயிற்று. 1936-ல் வந்த முதல் கேனனுக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது யார் தெரியுமா? நிப்பான் கோகாகு! இன்று கடைவீதியில் இரண்டும் எதிர் எதிர்க் கட்சி.

யுத்தத்துக்கு முன்பு ஜப்பான் சாமான் என்றால் மலிவுச் சரக்கு என்றுதான் உலகம் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சு மாறியது 1950-ல். அமெரிக்காவின் 'லைப்' பத்திரிகை போட்டோகிராபர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தார். ஜுன் மிகி என்ற ஜப்பானியப் போட்டோகிராபர் நிக்கான் கம்பெனி கண்ணாடியை வைத்து அவரைப் படம் எடுத்துக் காட்டினார். டங்கன் அசந்து போனார். தன் காமிராவுக்கு அதே கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு கொரியா யுத்தத்துக்குப் போனார். படங்கள் நியூயார்க் வந்து இறங்கின. அந்த வருடம் டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையே ஜப்பான் கண்ணாடியைப் பற்றி எழுதியது.

நாட்டு வெடி, ராக்கெட் செய்யும் நம் ஆட்களுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். 1962 பிப்ரவரி 20-ந்தேதி அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் ராக்கெட்டில் ஏறிப் பூமியை 3 தடவை சுற்றினார். படம் எடுக்கக் கையில் கொண்டு போனது மருந்துக் கடையில் 40 டாலருக்கு வாங்கிய காமிரா! 'அன்ஸ்கோ' என்று அமெரிக்கப் பெயர் ஒட்டியிருந்தாலும், செய்தது ஜப்பானின் 'மினோல்டா'. அதுவும் ரேஞ்ச்பைண்டர் ஜாதிதான். விண்வெளி உடுப்பின் கையுறையோடு பிடிக்க வசதியாக, துப்பாக்கிப் பிடி மாதிரி ஒன்றை மாட்டி, காமிராவைத் தலைகீழாக்கிக் கொடுத்தார்கள்.

கணக்குப்பிள்ளை வீட்டுக் காமிரா

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம். சாதாரண ஆள் கைக்குக் காமிரா வந்ததுதான் அடுத்த கட்டம்.

1961 ஜனவரியில் கேனன் கம்பெனி 'கேனனெட்' என்ற காமிராவை 18 ஆயிரத்து 800 யென்னுக்கு விட்டது. ஒரு வாரத்துக்கு என்று கடைகளுக்கு அனுப்பிய சரக்கு 2 மணி நேரத்தில் காலி! 1966-ல் யாஷிகா கம்பெனி 'எலக்ட்ரோ 35'-ஐ இறக்கியது. வெளிச்சத்தை அளந்து, கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் காமிராவே முடிவு செய்யும். ஒரு நொடியில் 500-ல் ஒரு பங்கில் இருந்து 30 நொடி வரை!

"வெளிச்சம் கம்மின்னா மஞ்ச லைட்டு எரியும். ஜாஸ்தின்னா செவப்பு லைட்டு. கை நடுங்காம பிடிச்சா போதும். படிக்காதவன்கூட எடுக்கலாம்" என்கிறார் அண்ணாச்சி.

இந்த வரிசைக் காமிராக்கள் 50 லட்சம் வரை விற்றதாகச் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் அப்போது என்ன இருந்தது? பரோடாவில் செய்த 'ஆக்பா கிளிக்-3' இருந்தது. வெயிலில் நிற்க வைத்து எடுக்கலாம். வீட்டுக்குள் எடுத்தால் இருட்டு. வெளிநாட்டுக் காமிரா வேண்டும் என்றால் இறக்குமதிக் கட்டுப்பாடு, வரி. சிங்கப்பூர், மலேசியா போய் வருகிறவர் பெட்டியில் வர வேண்டும். இல்லை என்றால் சென்னை பர்மா பஜார். அங்கே பில் கேட்டால் சிரிப்பார்கள்.

அண்ணாச்சிக்கு இது எழுபதுகளின் கடைசியில் சிங்கப்பூரில் இருந்து வந்த ஒருவரிடம் கிடைத்தது. மனைவியின் 3 பவுன் சங்கிலி அடகுக்குப் போனது.

"கல்யாணமாகி 5 மாசம். அவ ஒரு வார்த்தை சொல்லல. அவ அப்பாதான், 'மருமகப்புள்ள, ஜப்பான்காரன் நம்ம ஊர்லயே இருக்கும்போது எதுக்கு அங்க இருந்து வாங்குறீக'ன்னாரு!"

மாமனார் சொன்னது சிவகாசியை. விருதுநகரில் இருந்து 25 கிலோ மீட்டர். நேரு 'குட்டி ஜப்பான்' என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை என்ன என்றால், ஒரு காலத்தில் நாம் பற்ற வைத்த தீக்குச்சியே ஜப்பானிலும் சுவீடனிலும் இருந்து வந்ததுதான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து சிவகாசியில் தீப்பெட்டி போட்டார்கள். அதன் பிறகு வெடி, அச்சு, காலண்டர் எல்லாம் வந்தது.

பிளாஷ் அடிக்காதே!

சங்கிலியை மீட்க 2 வருடம் ஆயிற்று. கல்யாணம், காதுகுத்து, பங்குனிப் பொங்கல் என்று காமிரா ஓடிக்கொண்டே இருந்தது. பிலிமுக்குத் தட்டுப்பாடு என்றால் ஊட்டி ஆலையின் 'இந்து' பிலிம். (அந்த ஆலையும் மூடிக் கிடக்கிறது.)

அப்போதெல்லாம் விபத்து, கொலை என்றால் போலீஸ் ஸ்டேஷனில் இருந்து ஸ்டூடியோவுக்குத்தான் ஆள் வரும். பிணத்தைப் படம் எடுக்க வேண்டும். இரவு, பகல் கிடையாது. அண்ணாச்சியும் போயிருக்கிறார்.

"ஒரு பயராபீஸ்ல வெடிச்சிருச்சு. சாயங்காலம் போறேன். சுவரு இல்ல, கூரை இல்ல. தரை பூரா மருந்து சிந்திக் கெடக்கு. நான் பிளாஷை மாட்டுறேன். போர்மேன் ஓடி வந்து கையைப் பிடிச்சுட்டாரு. 'அண்ணாச்சி, பிளாஷ் அடிச்சீகன்னா நாமளும் போயிருவோம்'னாரு. அப்புறம் என்ன, பிளாஷைக் கழட்டி பையில போட்டுட்டேன். இந்தக் கண்ணாடி 1.7. ரொம்பப் பெரிய வாய். கொஞ்ச வெளிச்சம் போதும். வேப்பமரத்துல சாஞ்சு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எடுத்தேன். மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

எத்தனை பேர் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. காமிராவை உறைக்குள் வைத்தார். மறுபடி வெளியே எடுத்தார்.

2012 செப்டம்பர் 5-ந்தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து சுமார் 40 பேர் இறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அதற்குள் எல்லார் கையிலும் செல்போன் வந்து விட்டது. அதற்கு முந்தைய காலத்தில் தீப்பெட்டி ஆபீசுக்கும் பயராபீசுக்கும் போன ஒரு தொழிலாளி வாழ்நாளில் எத்தனை போட்டோ எடுத்திருப்பார்? ஒன்று இருக்கும். சிலருக்கு அதுவும் இல்லை.

ஓரத்தில் நின்ற ஆள்

எண்பதுகளில் ஒரு நாள் சாத்தூர்ப் பக்கம் இருந்து ஒரு பெண் வந்தார். இடுப்பில் கைக்குழந்தை. புருஷன் பயராபீஸ் விபத்தில் இறந்து 16-ம் நாள் காரியம் வருகிறது. மாலை போடப் படம் இல்லை. அவர்களுடைய கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கக் காசு இல்லை.

"ஆனா, அவுக சேக்காளி கல்யாணத்துல நீங்க போட்டோ எடுத்தீகளாம். அதுல அவுக நின்னாகளாம்" என்றாராம்.

அண்ணாச்சி நோட்டைப் புரட்டினார். ஸ்டூடியோவில் ஒவ்வொரு பிலிமுக்கும் நம்பர், தேதி, ஊர் எழுதி வைத்திருக்கிறார். நெகட்டிவைத் தேடி எடுத்தார். மணமக்களைச் சுற்றி 22 பேர். ஓரத்தில், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள். நெகட்டிவில் அவர் முகம் கடுகு அளவு!

"இவருதானான்னு கேட்டேன். அந்தப் புள்ள பேசல. விரலை வச்சுக் காட்டுச்சு. டார்க் ரூமுல 2 நாள் உக்காந்தேன். முகத்தை மட்டும் பெருசாக்குனேன். ஜப்பான்காரன் கண்ணாடி பாரு, ஓரத்துல நின்னவன் மூக்குக்கூட மங்கல. பென்சில்ல டச்சிங் பண்ணி, சட்டைக் காலர் போட்டு, 10-க்கு 12 பிரேம் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கல."

அந்தக் கைக்குழந்தை இப்போது நாற்பதைத் தாண்டியவர். போன மாதம் வந்திருக்கிறார். சுவரில் மாட்டிய படத்தில் ஈரம் ஏறி, அப்பா முகத்தில் பாதி உதிர்ந்து விட்டதாம். வேறு ஒன்று போட்டுத் தரச் சொன்னார். பார்க்கலாம் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். அப்புறம் மறந்து விட்டார். கடை மூடுகிற வேலை.

இதைச் சொல்லிக்கொண்டே நோட்டை எடுத்து அந்த நம்பரைப் பார்த்தார். முகம் மாறியது.

போன வாரம் போன 2 மூட்டையில் இருக்கிறது!

குடோனுக்கு ஓட்டம்

வியாபாரியைக் கேட்டோம். "அது குடோன்ல கெடக்கு. நாளைக்குக் காலைல லோடு ஏறுது" என்றார்.

என் பைக்கில் அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு போனேன். மதுரை ரோட்டில் இருக்கிறது குடோன். ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே பிலிம் மலை மாதிரி குவிந்து கிடந்தது. அதன் அடியில் நம் மூட்டைகள். வாங்கிய விலைக்கே திருப்பித் தர முடியாது என்றார்கள். ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி என்று மேலே 300 ரூபாய் கேட்டார்கள். அண்ணாச்சி கொடுத்தார். இதில் சண்டை போட எனக்கு ஆசைதான். அவர் விடவில்லை.

குடோன் வாசலிலேயே உட்கார்ந்து கவர்களைப் பிரித்தோம். இரண்டரை மணி நேரம். கரப்பான் அரித்தது, ஒட்டிக்கொண்டது, உப்புப் பூத்தது என்று பாதிக்கு மேல் போய் விட்டது. நாங்கள் தேடியது இரண்டாவது மூட்டையில் இருந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு கீறல். பந்தல் காலைப் பிடித்த ஆள் அப்படியே நிற்கிறார்.

அண்ணாச்சி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ சாப்பிடுவமா தம்பி?" என்றார்.

மெர்க்குரி பேட்டரி

யாஷிகா கம்பெனியை 1983-ல் 'கியோசெரா' என்ற இன்னொரு ஜப்பான் கம்பெனி எடுத்துக்கொண்டது. அவர்கள் 2005-ல் காமிரா தொழிலே வேண்டாம் என்று அறிவித்து விட்டார்கள். பிலிம் ராஜாவான அமெரிக்காவின் 'கோடக்' 2012-ல் திவால் மனு போட்டது. அதே 2012-ல் வந்த 'ஸ்பைடர்மேன்' படத்தில் கதாநாயகன் கழுத்தில் தொங்கியது இந்த எலக்ட்ரோ 35-தான். காலேஜ் பையன்கள் இப்போது இதைத் தேடி அலைகிறார்கள். அண்ணாச்சியிடமும் 2 பேர் விலை கேட்டு வந்தார்களாம்.

இந்தக் காமிராவுக்கு வேண்டிய மெர்க்குரி பேட்டரியை இப்போது செய்வது இல்லை. விஷம் என்று நிறுத்தி விட்டார்கள். பேட்டரி இல்லாவிட்டால் 500-ல் ஒரு பங்கு நொடி மட்டும் வேலை செய்யும். அண்ணாச்சி 6 வோல்ட் பேட்டரியைக் காகிதத்தில் சுற்றி, பேனா ஸ்பிரிங் ஒன்றை முட்டுக் கொடுத்து ஓட்டுகிறார். பட்டனை அழுத்தினேன். 'ணிக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

காமிராவைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போகிறார். நெகட்டிவை என்ன செய்வது? மிஞ்சிய மூட்டைகளை எடைக்குப் போடுவதை நிறுத்தி வைத்திருக்கிறார். கடையைக் காலி செய்ய இந்த மாதக் கடைசி வரை கெடு.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 1978-ல் இருந்து 1990 வரை இவரிடம் கல்யாணம், காதுகுத்து, குரூப் போட்டோ எடுத்தவர்கள் வந்து கேட்கலாம். மாதமும் வருடமும் தெரிந்தால் போதும். ஊர்ப் பெயர் நோட்டில் இருக்கிறது. நெகட்டிவுக்குக் காசு வேண்டாம் என்கிறார். காலை 10 மணியில் இருந்து மாலை 5 மணி வரை இருப்பார். மெயின் பஜாரில் 'போட்டோ அண்ணாச்சி கடை' என்று கேட்டால் கை காட்டுவார்கள். சந்துக்குள் நுழையும்போது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளவும். சாக்கடை!